மூப்பர் பூசிய சுவர்

ஊரின் கல்லறைகள் இருக்கும் சவக்காலை வாசலின் பூட்டைத் திறந்து, உள்ளே போய், மறுபடி பூட்டிக்கொள்கிறார் யாக்கோப்பு மூப்பர். வாசலுக்கு இரண்டு பக்கமும் சுவர் விழுந்து கிடக்கிறது. நெடுந்தீவு மாடுகள் விரும்பிய பக்கத்தால் போய் வருகின்றன. ஆடுகூட அந்த வாசலைத் திரும்பிப் பார்ப்பதில்லை. மூப்பர் மட்டும் பூட்டுத் திறப்பும் கையுமாக வாசலால்தான் போவார். யாராவது சிரித்தால், "வாசல் நிக்குதுதானே, அதுக்கொரு மரியாதை வேண்டாமே?" என்பார். நல்ல மரியாதைதான்!

வாசல் மிகப் பழையது. கடலில் எடுத்த முருகைக்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் வைத்துக் கட்டிய வளைவு. யார் கட்டியதென்று கேட்டால் ஒருவர் பறங்கி என்பார், மற்றவர் ஒல்லாந்தர் என்பார். சுவர் அப்படியல்ல. அதே முருகைக்கல்லை ஊர்ச்சனம் சாந்தில்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. கல்லுக்குக் கல் இடைவெளி இருக்கும். காற்று ஊடே போய்விடும், சுவர் நிற்கும்.

மூப்பருக்கு அந்த ஓட்டைகள் கண்ணில் குத்தின. கோயிலைக் கூட்டி, மணியடித்து, மெழுகுதிரித் தண்டு மினுக்குகிற மனிதர். எதிலும் துப்புரவு வேண்டும். சட்டைப் பொத்தான்கூடக் கழுத்துவரை பூட்டியிருக்கும். போன வருஷம் திருவிழாவுக்கு முன் ஊரைக் கூட்டினார். "வெளிநாட்டுச் சனமெல்லாம் வருது. ஓட்டைச் சுவரையே காட்டப் போறம்? சீமெந்தைப் பூசுவம்!" காற்றுக்கு வழி விடவேண்டும் என்று சொன்ன இராயப்புவை, "நீர் கடலுக்குப் போற ஆள், உமக்கென்ன தெரியும்?" என்று வாயடைத்தார். பூசினார்கள், வெள்ளையும் அடித்தார்கள். ஐயோ, என்ன வடிவு! மூப்பர் சுவரோரம் நின்று படம்கூட எடுத்தார்.

மாரி தொடங்கி முதல் வாடைக்காற்றுக்கே எல்லாம் போயிற்று. மோதிய காற்றுக்குப் போக வழியில்லை. சுவர் பாளம் பாளமாக உள்ளே சாய்ந்தது. நிமலினியின் மகளுடைய சிலுவை அதில் இரண்டாக முறிந்தது. காய்ச்சலில் போன எட்டு வயதுப் பிள்ளை.

ஊர் ஏசியிருந்தால் மூப்பரும் திருப்பி ஏசியிருப்பார், அதற்கு அவரிடம் வாய் இருக்கிறது. ஒருவரும் ஏசவில்லை. நிமலினி வழமைபோல, "சுகமே அண்ணை?" என்கிறாள். அவர் நிலத்தைப் பார்த்து "ஓம்" என்கிறார். பூசையில் அவள் இருக்கிற வரிசைக்குக் காணிக்கைத் தட்டை வேறொருவரிடம் கொடுத்து அனுப்புகிறார். வெட்கம் மனிதரைப் பிய்த்துத் தின்கிறது. மன்னிப்புக் கேட்கவேண்டும், வாய் வரமாட்டேன் என்கிறது. அதனால் பின்னேரங்களில் தனியே வந்து கல் அடுக்குகிறார்.

இந்த வருஷம் ஆத்துமாக்கள் திருநாளுக்கு முதல்நாள் நிமலினி மெழுகுதிரியோடு வந்து நின்றாள். பிள்ளையின் தலைமாட்டில் புதுச்சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. பழக்கதோஷம், மூப்பர் ஓர் இடைவெளியில் சின்னக் கல்லொன்றைச் செருகிக்கொண்டிருந்தார்.

"உந்த ஓட்டையை அடையாதேங்கோ அண்ணை. அவளுக்குக் காத்தெண்டா உயிர்."

"பிள்ளை, நான்..."

செருகிய கல்லை மெல்லப் பிடுங்கினார். ஓட்டைக்கு நேரே உள்ளங்கையைப் பிடித்துப் பார்த்தார். பிறகு விலகி, அவளுடைய கைக்கு இடம் விட்டார்.