உலோக நாய்க்கு ஆகாத ஆண்டு

சீன இராசிபலனை நான் வெறுக்கிறேன். அதை ஒருமுறை நானே தமிழில் எழுதியிருக்கிறேன் என்பதால், அந்த வெறுப்பில் ஒரு பங்கு என்மீதும் விழுகிறது.

2006 பிறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன், ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்கள் தமிழ்ச் சங்கம் சுவர் நாட்காட்டி ஒன்றை அச்சிட்டது. நான் சமூகப்பணியில் பட்டம் பெற்றிருந்த நேரம். நாட்காட்டியின் கடைசிப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. செயலாளர் ஜெர்மன் வார இதழொன்றிலிருந்து கிழித்த தாளை நீட்டினார். பன்னிரண்டு விலங்குகள்; மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என ஐந்து மூலகங்கள்; வரப்போகும் நெருப்பு நாய் ஆண்டின் பலன்.

"இதைத் தமிழிலை போட்டுவிடும் பிள்ளை."

"முழுப் பொய் அண்ணை."

"சீனாக்காரன்ரை பொய்தானே. எங்கடை சனம் ஆர் நம்பப்போகுது?"

அந்த வாதம் எனக்கும் வசதியாக இருந்தது. எங்கள் பஞ்சாங்கமாக இருந்திருந்தால் மறுத்திருப்பேன். இடம் போதாததால் ஓர் அடிக்குறிப்பை வெட்டிவிட்டுக் கொடுத்தேன்.

பெப்ரவரியில், எங்கள் மேல்மாடியில் குடியிருந்த அக்கா படிக்கட்டில் என்னை மறித்தார். முதியோர் இல்லமொன்றில் பதினொரு ஆண்டுகளாகத் தரை துடைத்தவர். அங்கேயே பராமரிப்பாளருக்கான அவுஸ்பில்டுங், அதாவது தொழிற்பயிற்சி, அவருக்குக் கிடைத்திருந்தது. விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்ததே நான்தான். வரும் செவ்வாய்க்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.

"நான் போகமாட்டன் பிள்ளை. நான் எழுபதாம் ஆண்டு, உலோக நாய். நாய் வருசம் நாய்க்கே ஆகாதாம். நெருப்பு உலோகத்தை உருக்குமாம். புது ஒப்பந்தத்திலை கையெழுத்து வைக்காதேங்கோ எண்டு கிடக்கு. நீர்தானே எழுதினனீர்?"

"அது பொய் அக்கா. அதோடை, நீங்கள் எழுபதிலை பிறக்கவும் இல்லையே!"

பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கி அகதியாகப் பதிந்தபோது, பிறப்புச் சான்று கையில் இல்லாததால், 1970 ஜனவரி முதலாம் திகதி என்று அவருக்கு எழுதியிருந்தார்கள். எங்களில் பலருக்குப் பத்திரங்களில் அந்த நாள்தான். ஆண்டு மட்டும் மாறும்.

"சாதகத்துக்கு ஊர்த் திகதி. இந்த நாட்டிலை எனக்கு நடந்த நல்லது கெட்டது எல்லாம் பத்திரத்திலை கிடக்கிற திகதிக்குத்தான் நடந்தது. விசா தந்தது ஆருக்கு? எழுபதிலை பிறந்தவளுக்கு!"

செவ்வாயன்று அவர் போகாவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போகும். மறுபடி அவரைக் கூப்பிடப்போவதில்லை.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளைத் தேடியெடுத்தேன். நான் வெட்டிய அடிக்குறிப்பு இதுதான்: சீனப் புத்தாண்டு ஜனவரி இறுதியிலோ பெப்ரவரியிலோ பிறப்பதால், ஜனவரி தொடக்கத்தில் பிறந்தோர் முந்திய ஆண்டின் விலங்கைப் பார்க்கவும். வேறெந்தச் சமூகத்திலும் அந்த வரி சிலருக்கு மட்டுமே தேவைப்பட்டிருக்கும்; எங்களிலோ, ஜனவரி முதலாம் திகதிக்காரர் அத்தனை பேருக்கும்.

பொய் என்று சொல்லிப் பயனில்லை என்பதைப் படிக்கட்டில் கண்டிருந்தேன். தாளை எடுத்துக்கொண்டு மேலே போய் அடிக்குறிப்பை அக்காவுக்கு விளக்கினேன்.

"அப்ப நான் நாயில்லையோ?"

"இல்லை அக்கா. அறுபத்தொன்பது. மண் சேவல்."

"சேவலுக்கு என்ன போட்டிருக்கு?"

வாசித்தேன். நெருப்பு மண்ணை வளர்க்கும்; உழைப்பு மேலிடத்தின் கண்ணில் படும்.

"இதை முதலே சொல்லியிருக்கலாமே! ஒரு கிழமையா நாயெண்டு நினைச்சு நித்திரையில்லை."

செவ்வாயன்று கையெழுத்திட்டார். பக்கத்தில் அமர்ந்திருந்த எனக்கு மகிழ்ச்சியைவிட அவமானமே மிகுதியாக இருந்தது. அச்சத்தைக் கொடுத்த அதே தாளால்தான் அதை நீக்கியிருந்தேன்.

நாட்காட்டி வாங்கியவர்களுக்கு ஒரு திருத்தத் துண்டாவது அனுப்புவோம் என்று செயலாளரிடம் கேட்டேன். "அவ கையெழுத்து வைச்சிட்டாவெல்லோ, விடும்" என்றார். அந்த ஆண்டு வேறு யார், எதைக் கைவிட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது.

அக்கா பயிற்சியை முடித்து அதே இல்லத்தில் பராமரிப்பாளரானார். ஒவ்வொரு ஜனவரியிலும் கதவைத் தட்டுவார்.

"இந்த வருசம் சேவலுக்கு என்ன?"

"எனக்குத் தெரியாது அக்கா. நான் பார்க்கிறதில்லை."

அவர் முகம் கறுக்கும். "கெட்டதெண்டா கெட்டதெண்டு சொல்லும் பிள்ளை. ஒளிக்காதையும்."