ஐந்தாவது பல்பு

இது நடந்த வீட்டை இன்னும் இடிக்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் போகும் ஒரு தெருவில் கடைசி வீடு. இதில் வரும் பலகையை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். அரை அடி மரப்பலகை, ஐந்து சின்ன பல்புகள், ஓரத்தில் தண்ணீர் பட்டு உப்பிய ஒரு தடம். இட்டுக்கட்ட வேண்டுமானால் இதைவிடப் பெரிதாக இட்டுக்கட்டியிருப்பேன். நடந்தது இவ்வளவுதான்.

1979, ஐப்பசி. யதிராஜன் கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் எலெக்ட்ரீஷியன். மனைவி கோதைநாயகி லால்குடிப் பெண். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். முந்தின வருஷ மழையில், ஒரு ராத்திரி கொல்லைக் கதவுக்கு அடியில் தண்ணீர் புகுந்து, அறையில் இருந்த அவளுடைய டிரங்குப் பெட்டிக்குள் ஏறிவிட்டது. கூறைப்புடவையின் அரக்குச் சாயம் மற்றப் புடவைகளிலெல்லாம் இறங்கிவிட்டது. அவள் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அதனால்தான் இந்த வருஷம் மழைக்கு முன்னாலேயே யதிராஜன் அந்தக் கருவியைச் செய்தான்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. சிறு மரச்சட்டத்தில் இரண்டு செம்புக் கம்பிகள், ஒன்றை ஒன்று தொடாமல், அரிசி நுழையும் இடைவெளியில். அதைத் தரையோடு தரையாகப் பதித்துவிட வேண்டும். அந்த இடைவெளியில் தண்ணீர் பட்டால் பலகையில் அந்த இடத்துக்கு உரிய பல்பு எரியும், மணி அடிக்கும். எரிந்த பல்பு, பொத்தானை அமுக்கும்வரை அணையாது. எல்லாம் பாட்டரியில் ஓடுவதால் கரண்ட் போனாலும் கவலை இல்லை. கொல்லைக் கதவடியில் ஒன்று, கொல்லை நடையில் ஒன்று, கூடத்தில் ஒன்று, படுக்கையறை வாசற்படியில் ஒன்று. பலகை மட்டும் வாசல் பக்கத்து ரேழியில், சுவர் அலமாரிக்குள்.

கம்பி இழுக்க உதவிக்கு வந்தவன் லூர்து. தொழிற்சாலையில் கூட வேலை பார்ப்பவன், பாலக்கரைக்காரன். கொல்லை வழியாக வந்து, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டு உள்ளே ஏறினான்.

கோதை ஒரு சொம்புத் தண்ணீரைக் கதவடியில் ஊற்றிப் பார்த்தாள். மணி அடித்தது.

"தங்கச்சி, இங்க தண்ணி வந்தா மணி அடிக்குது. எங்க பாலக்கரைக் குழாய்ல தண்ணி வந்தா அடிக்கிற மாதிரி ஒண்ணு செஞ்சு தரச் சொல்லும்மா இவன்கிட்ட. பொறந்த நாள்லேருந்து காத்துக்கிட்டிருக்கேன்" என்றான் லூர்து.

கோதை சிரித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

யதிராஜன் அந்தச் சிரிப்பைப் பார்த்தான். ஒன்றரை வருஷத்தில் அவன் சொன்ன எதற்கும் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

அன்றிலிருந்து அது அவனுக்குள் கசிய ஆரம்பித்தது. லூர்து 'தங்கச்சி' என்று கூப்பிட்டது நடிப்பாகத் தெரிந்தது. அவள் பூ வைத்துக்கொண்டால் யாருக்காக என்று தோன்றியது. அடுத்த வாரம் அவனுக்கு நைட் ஷிஃப்ட். லூர்துவுக்குக் காலை ஷிஃப்ட். அதாவது, லூர்துவின் ராத்திரிகள் எல்லாம் காலி.

நைட் ஷிஃப்டுக்குக் கிளம்பிய முதல் நாள் யதிராஜன் மணியைக் கழற்றினான்.

"ஏன்னா, மணியை எடுத்துட்டேள்?"

"ராத்திரி தனியா இருக்கப்போ அடிச்சா பயந்துப்பே."

அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டான். இனிமேல் தண்ணீர் வந்தால் அவளுக்குத் தெரியாது. அவனுக்கு மட்டும்தான் தெரியும். கொல்லை வழியாக யார் வந்தாலும் கிணற்றடியில் கால் கழுவாமல் உள்ளே வர மாட்டார்கள். ஈரக்கால் எங்கேயாவது கம்பியில் பட்டே தீரும்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து அலமாரியைத் திறந்தான்.

முதல் பல்பு எரிந்துகொண்டிருந்தது.

மழைச்சாரலாக இருக்கலாம். ஆனால் கதவடி காய்ந்து கிடந்தது. உள்தாழ்ப்பாள் போட்டபடியே இருந்தது. பொத்தானை அமுக்கி அணைத்தான். அடுத்த நாள் காலையில் மூன்று பல்புகள். கதவு, நடை, கூடம்.

"ராத்திரி தூங்கினியா?"

"நன்னாத் தூங்கினேன். ஏன்?"

"சும்மாக் கேட்டேன்."

அதற்கும் அடுத்த நாள் நான்கும் எரிந்தன. வெளியே ஒரே சேறு. ஆனால் தரையில் ஒரு பொட்டு மண் இல்லை. கால் கழுவியவன்தான், சந்தேகமே இல்லை. கம்பி இருக்கும் இடமெல்லாம் லூர்துவுக்குத் தெரியும். தெரிந்தும் மிதிக்கிறான் என்றால்... கேலி செய்கிறான்.

மறுநாள் காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பஸ் நிறுத்தத்தில் லூர்துவைப் பிடித்தான்.

"நேத்து ராத்திரி எங்கடா இருந்தே?"

"சின்னவனுக்குக் காய்ச்சல்டா. ராத்திரி பூரா ஆஸ்பத்திரி வராந்தாவுல கொசுவுக்கு ரத்ததானம். ஏன், மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"

யதிராஜன் இதை நம்பவில்லை. அன்று காலை கோதை குளிக்கப் போன சமயம் பார்த்து, பலகையில் இன்னொரு பல்பைச் சேர்த்து, லூர்துவுக்குத் தெரியாத ஐந்தாவது இடத்துக்குக் கம்பி இழுத்தான். அவள் கட்டிலுக்கு அருகே. ஒரு கோரைப்பாய் எப்போதும் அங்கே விரித்துக் கிடக்கும். கையைவிட்டுத் தடவி, அதன் ஓரத்துக்கடியில் சட்டத்தைச் செருகினான்.

மறுநாள் ஐந்தாவது பல்பும் எரிந்தது.

அன்று ராத்திரி வழக்கம்போல் டிபன் கேரியரோடு ஒன்பது மணிக்குக் கிளம்பினான். பஸ் ஏறவில்லை. ரயில் நிலையத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் பன்னிரண்டுக்குமேல் திரும்பினான். வாசல் கதவைச் சத்தமில்லாமல் திறந்து ரேழிக்குள் நுழைந்து, மறுபடி பூட்டிக்கொண்டான். கூடத்துக்குப் போகும் கதவு சாத்தியிருந்தது. பலகையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்தான்.

மழை பெய்துகொண்டிருந்தது. கையில் டார்ச் லைட். லூர்துவின் சட்டைக் காலரைப் பிடித்து என்ன கேட்பது என்று வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

இரண்டே கால். மழை நின்றது.

தவளைகளும் நின்றன.

முதல் பல்பு எரிந்தது.

தாழ்ப்பாள் திறந்த சத்தம் இல்லை. கதவு கிரீச்சிடும் கதவு. கிரீச்சிடவில்லை.

இரண்டாவது பல்பு.

எழுந்திருக்க நினைத்தான். இன்னும் கொஞ்சம்... உள்ளே போகட்டும். கையும் களவுமாக...

மூன்று.

சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், நாலடி தூரத்தில், யாரோ நடக்கிறார்கள். காலடிச் சத்தம் இல்லை. சொட்... சொட்... என்று மட்டும் கேட்டது.

நான்கு.

ஐந்து.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினான். டார்ச்சை அடித்தான்.

கோதை சுவர்ப் பக்கம் திரும்பித் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். அறையில் வேறு யாரும் இல்லை. பாயில் இரண்டு ஈரப் பாதங்கள். விரல்கள் கட்டிலைப் பார்த்தபடி. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை. ஆற்றுப்பாசி வாடை மூக்கில் ஏறியது.

வெளிச்சத்தில் அவள் கண்ணைச் சுருக்கினாள்.

"இன்னிக்கு என்ன டார்ச்செல்லாம்..."

"கோதை. யார் வந்தா?"

"நீங்கதான். தினமும் நடுராத்திரி வந்து ஈரக்காலோட நிக்கறேளே. சந்தேகம் வந்தாப் பகல்லே கேக்கலாமோன்னோ..." என்று முனகிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள்.

யதிராஜன் பின்னால் நகர்ந்தான். கூடத்துக்கு வந்தான். கொல்லைக் கதவில் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. ரேழிக்கு வந்து கதவைச் சாத்தி, பலகையை மறுபடி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். என்ன செய்வதென்று தெரியாமல் பொத்தானை அமுக்கினான். ஐந்து பல்புகளும் அணைந்தன.

இருட்டு.

ஐந்தாவது எரிந்தது.

பிறகு நான்காவது.

போகிறது, என்று நினைத்தான். கொல்லைக்குத் திரும்பிப் போகிறது.

மூன்று.

அடுத்து இரண்டு எரிய வேண்டும். பார்த்துக்கொண்டே இருந்தான்.

எரியவில்லை.

கூடத்திலிருந்து போக இரண்டே வழி. ஒன்று கொல்லை நடை. இன்னொன்று...

ரேழியில் அவன் கம்பி இழுக்கவில்லை.

சொட்.

மடியில் இருந்த பலகையின் ஓரத்தில், அவன் தலைக்கு மேலிருந்து, ஒரு துளி விழுந்தது.

அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடைசிவரை பார்க்கவில்லை.

காலையில் பால் கொண்டுவந்த மயிலம்மாள் வாசல் கதவைத் தட்டினாள். திறந்தவனின் முகத்தைப் பார்த்ததுமே கேனைக் கீழே வைத்தாள். சத்தம் கேட்டுக் கோதையும் வந்து நின்றாள். ராத்திரி நடந்ததை அவன் உளறினான்.

"சாரங்கபாணி சாமிதான் அது" என்றாள் மயிலம்மாள். "உங்களுக்கு முன்னால இங்க இருந்தவரு. ரயில்வேக்காரரு. கொள்ளிடத்துக்கு அந்தாண்ட ஸ்டேஷன்ல ராத்திரி டூட்டி. நடுவுல ரயில் பாலத்து மேலயே நடந்து வந்துடுவாரு. கிணத்தடியில காலைக் கழுவிட்டு உள்ள போயி, பொண்டாட்டி தனியாப் படுத்திருக்கான்னு பாப்பாரு. ஒண்ணும் கேக்க மாட்டாரு. நின்னு பாத்துட்டுப் போயிடுவாரு. அந்தம்மா எங்கிட்ட சொல்லிச் சொல்லி அழும்."

"அப்புறம்?"

"எழுபத்தேழு வெள்ளத்துலயும் கிளம்பி வந்திருக்காரு. வந்து சேரல. அந்தம்மா முத நாளே பொறந்த வீட்டுக்குப் போயிடுச்சு. பூட்டிக் கெடந்த வீட்டைப் பாக்க வந்திருக்காரு, பாவம்." கேனை எடுத்துக்கொண்டவள் சற்று நின்றாள். "போன வருசமெல்லாம் ஒண்ணும் இல்லீங்களே, சாமி. இப்ப ஏன் வந்தாரு?"

யதிராஜன் அன்றே கம்பிகளைப் பிடுங்க ஆரம்பித்தான். நான்கையும் எடுத்துவிட்டு அறைக்குள் போனான். கோரைப்பாயைச் சுருட்டினான்.

சிவப்பு சிமென்ட் தரை. நடுவில் இரண்டு இடங்களில் மட்டும் சிவப்பு செத்து வெளிறிக் கிடந்தது. ஒரே இடத்தில் பல நாள் ஈரம் நின்றால் அப்படி ஆகும். இரண்டும் பாத வடிவம். விரல்கள் கட்டிலைப் பார்த்தபடி.

அவன் சட்டத்தை எடுக்க ஒரு அடி முன்னால் வைத்தான். கீழே பார்த்தான். அவனுடைய பாதங்கள் அந்த இரண்டுக்குள்ளும் சரியாகப் பொருந்தியிருந்தன.

கோதை வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்னா, பொட்டி அந்த மூலையிலேன்னா இருக்கு? என் தலைமாட்டிலே கம்பி எதுக்கு?"

அவன் குனிந்து சட்டத்தை உருவினான். அவன் கழற்றி வைத்திருந்த மணியை அவள் பார்த்தாள், பூட்டு தொங்கிய அலமாரியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவளுக்கே விளங்கிவிட்டது.

"அவர் வந்து நின்னதுக்கு எனக்கு ஒண்ணும் பயமா இல்லே" என்றாள்.

அந்த வருஷ மழையில் டிரங்குப் பெட்டிக்குள் ஒரு துளி தண்ணீர் புகவில்லை. அன்று சாயங்கால வண்டியிலேயே அந்தப் பெட்டி கோதையோடு லால்குடிக்குப் போனது.

பத்து நாள் கழித்து, ஒரு விடியற்காலை, லால்குடியில் கோதையின் அம்மா அறையைப் பெருக்க வந்தாள். அந்த ராத்திரி முழுவதும் யதிராஜன் தொழிற்சாலையில்தான் இருந்தான். ஷிஃப்ட் மாறி அவனோடு வேலை செய்த லூர்து இதற்குச் சாட்சி. மழை இல்லை. லால்குடி வீட்டில் கிணறும் இல்லை.

அம்மா துடைப்பத்தோடு கோதையின் படுக்கையருகே நின்று தரையில் இருந்த ஈரத் தடத்தையே பார்த்தாள்.

"ஏன்டி, மாப்பிள்ளை ராத்திரி வந்துட்டுச் சொல்லிக்காமப் போயிட்டாரா?"