பித்தப்பைக் கல்லும் பெல்ட் செக்‌ஷன் சாப்பாடும்

சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் வேலை பார்க்கிறவனுக்கு முதுகு போகும், காது மந்தமாகும், துப்பினால் கரியாக வரும். இத்தனைக்கும் அவனை அந்த வேலையில் இருத்தி வைப்பது மதியச் சாப்பாடு ஒன்றுதான். அந்தச் சாப்பாட்டுக்கே உலை வைத்தது என் பித்தப்பை. வலது விலாவுக்குக் கீழே கையை வைத்து அமுக்கிக்கொண்டு இதைப் படிக்கும் சக பாவிகளே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் பஜ்ஜி தின்றுகொண்டே படிக்கலாம். எனக்குக் கொஞ்சம் வயிற்றெரிச்சல், அவ்வளவுதான்.

நெய்வேலியில் எங்கள் கேங்கில் நாலு பேர். ஃபோர்மேன் கணேசன், பூர்வீகம் திருநெல்வேலி, பிறந்து வளர்ந்தது டவுன்ஷிப்பில். மரியதாஸ், நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். செல்வராசு பக்கத்து ஊர் வடக்குத்து, கான்ட்ராக்ட் ஆள். நாலாவது நான், ஏழுமலை. சுற்றாமல் நின்றுபோன ரோலரை மாற்றுவது, கிழிந்த பெல்ட்டை ஒட்டுவது, சிந்திய கரியை வாருவது எங்கள் வேலை. மதியம் ஷெட்டில் பேப்பர் விரித்து உட்கார்ந்ததும் எல்லா டப்பாவும் நடுவுக்கு வந்துவிடும். அங்கிருந்து ஒவ்வொன்றும் ஒரு சுற்றுப் போகும். ஆளுக்கொரு கை அள்ளுவார்கள். டப்பாக்காரனுக்கு அவன் டப்பா கடைசியாகத்தான் வரும். காலியாக வந்தால் அவனுக்குப் பெருமை.

என் மனைவி இருந்தவரை என் டப்பா காலியாகத்தான் வரும். அவள் போன பிறகு நானே பொங்கிக் கொண்டுபோனேன். அப்போதும் காலியாகத்தான் வந்தது. மகன் ஓசூரில் இருக்கிறான். குவார்ட்டர்ஸில் நானும் டிவியும்தான். ஒரு நாளில் நான் மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிடும் நேரம் அது ஒன்றுதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒரு டப்பாவுக்கு இவ்வளவு புலம்பலா என்பீர்கள்.

எந்தக் கல்?

முதல் தடவை வலி வந்தபோது கேஸ் என்றுதான் நினைத்தேன். கணேசன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் வடையும் பாயசமும் ஒரு கை பார்த்துவிட்டு வந்திருந்தேன். வயிற்றுக்கு மேலே, வலது பக்கம் பிடித்த வலி முதுகைச் சுற்றிக்கொண்டு தோள்பட்டைவரை போனது. சோடா குடித்தேன், ஓமத் தண்ணீர் குடித்தேன், குடித்ததெல்லாம் வெளியே வந்தது. ஸ்கேன் எடுத்துப் பார்த்த டாக்டர், பித்தப்பையில் கல் இருக்கிறது, பையையே எடுத்துவிடலாம், பிறகு வீட்டில் ஓய்வாக இருங்கள் என்றார். எனக்குக் கத்திகூடப் பயமில்லை. வீட்டில் ஓய்வு என்ற வார்த்தைக்குத்தான் பயந்தேன். அப்புறம் பார்க்கலாம் என்று எழுந்துவிட்டேன். அதுவரை எண்ணெய், நெய், தேங்காய், கறி எதையும் தொடக்கூடாது, காய்ச்சல் அடித்தாலோ கண் மஞ்சளானாலோ உடனே ஓடி வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினார்.

மறுநாள் ஷெட்டில் ‘கல்’ என்று வாயைத் திறந்ததுதான் தாமதம். வாழைத்தண்டுச் சாறு என்றார் கணேசன். நெருஞ்சி முள் கஷாயம், பார்லித் தண்ணீர் என்று அடுக்கிக்கொண்டே போனான் மரியதாஸ். பீர் என்றான் செல்வராசு. ஐயா, அதெல்லாம் சிறுநீரகக் கல்லுக்குச் சொல்கிற வைத்தியம், இந்தக் கல் வேறு பையில் இருக்கிறது, சிறுநீரில் அடித்துக்கொண்டு போக இதற்கு வழியே கிடையாது என்று தரையில் கரித்துண்டால் படமே வரைந்து காட்டினேன். செல்வராசு படத்தை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“அது எந்தக் கல்லா இருந்தா இன்னாண்ணே, பீர் அடிச்சா வலியாவது தெரியாம இருக்குமில்ல!”

பாட்டிலோடு படுத்த கதை

வலி லேசாகத் தலைகாட்டும்போது சூடு கொடுத்தால் கொஞ்சம் இதமாக இருக்கும். கல் கரையாது, மனசு கரையும். அதற்கென்று விற்கிற ரப்பர் பையை வாங்கி வைத்திருந்தேன், அது ஓட்டையாகிவிட்டது. ஷெட்டின் பின்னால் எவனோ எறிந்துவிட்டுப் போன பிராந்தி பாட்டில் ஒன்று கிடந்தது. கழுவி, வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றி விலாவில் அணைத்துக்கொண்டு பெஞ்சில் சாய்ந்தேன். அன்றைக்கென்று பார்த்துப் புதிதாக வந்த இன்ஜினீயர் ரவுண்ட்ஸ் வந்தார். துண்டு நழுவிக் கிடந்தது. நான் கண்ணை மூடி முனகிக்கொண்டிருந்தேன். எழுந்து நின்று, வெந்நீர் சார், பித்தப்பை சார் என்று தடுமாறினேன். வலியில் நாக்கு வேறு குழறியது. மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

“வெந்நீர்தாங்க, நான் நம்பறேன். ஆனா எனக்கு மேல இருக்கறவங்க யாரும் மோந்து பாக்க மாட்டாங்க.”

சுரைக்காய் ஒரு சுற்றுப் போனது

என் பத்தியம் சுரைக்காயில் ஆரம்பித்துப் புடலங்காயில் போய்ப் பீர்க்கங்காயில் முடியும். தாளிப்பு கிடையாது. தேங்காய் கிடையாது. தண்ணீரில் வேகவைத்து, மஞ்சள்தூள் போட்டு, பெயருக்கு உப்பு. காலையில் அதை டப்பாவில் அடைக்கும்போதே எனக்கு அழுகை வரும். நடுவில் கொண்டுபோய் வைத்தேன். முதல் நாள் ஆளுக்கொரு வாய் எடுத்தார்கள். இரண்டாம் நாள் செல்வராசு மட்டும் எடுத்தான். அதற்குப் பிறகு டப்பா சுற்றுப் போகும், வைத்தது வைத்தபடி என்னிடம் திரும்பி வரும். அவர்கள் டப்பாவும் என்னைத் தாண்டிப் போகப் பழகிவிட்டது. எண்ணெய் மிதக்கிற பச்சை முந்திரிக் குழம்பை நான் எப்படித் தொடுவேன்? நான் குனிந்து என் சுரைக்காயைத் தின்றேன்.

இதில் எனக்கு ஏன் இத்தனை வருத்தம் என்பதையும் சொல்லவேண்டும். என் அப்பா கூலிக்கு நெல் அறுத்தவர். வேலை செய்த வீட்டில் அவருக்குத் தனியாக, தள்ளி வைத்துத்தான் சோறு போடுவார்கள். அவர் தூக்கில் கொண்டுபோன கஞ்சியை வேறொருவர் வாங்கி ஒரு வாய் குடித்ததாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. மைன்ஸில் நான் சேர்ந்த புதிதில் யாரோ ஒருவர் என் டப்பாவில் கைவிட்டு, பேச்சுவாக்கில் ஒரு பிடி அள்ளிக்கொண்டுபோனார். நான் டப்பாவை மறுபடி அவர் பக்கமே நீட்டினேன். இப்போது அந்த டப்பா தொடப்படாமல் திரும்பி வருகிறது. காரணம் சுரைக்காய்தான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வலித்தது. ஒரு நாள் மரியதாஸ் பக்கம் டப்பாவைத் தள்ளி, ஒரு வாய் பாரேன் என்று நானே கேட்டேன். அவன் அதை இரண்டு கையாலும் பத்திரமாக என் பக்கமே திருப்பி வைத்தான்:

“அண்ணே, இது உங்களுக்கு மருந்து, நீங்க சாப்பிடுங்க.”

வடலூர்ப் பந்தி

வார விடுமுறை நாள் வந்தால் பொழுது போகாது. காலையில் இஞ்சித் தண்ணீர் குடிப்பேன். பிறகு இட்லி. பிறகு ஜன்னல். எதிர் குவார்ட்டர்ஸில் யார் வந்தார்கள், யார் போனார்கள் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. ஒரு கட்டத்தில் பஸ் ஏறி வடலூர் போக ஆரம்பித்தேன். அங்கே அன்னதானத்தில் சோறும் தண்ணீராட்டம் ஓடுகிற சாம்பாரும் போடுவார்கள். மசாலா கிடையாது, கறி என்ற பேச்சே கிடையாது. என் பித்தப்பைக்கென்றே செய்ததுபோல இருக்கும். ஆனால் நான் போனது சாம்பாருக்காக இல்லை. வலது பக்கம் ஒருவர், இடது பக்கம் ஒருவர், எல்லார் இலையிலும் ஒரே சோறு.

ஒரு நாள் பந்தியில் தலை நிமிர்ந்து பார்க்கிறேன், எதிரே வாளியோடு செல்வராசு. அவன் மாமியார் வீட்டு வேண்டுதலுக்காகப் பரிமாற வந்திருக்கிறான். பெர்மனென்ட் வேலை, குவார்ட்டர்ஸ், சம்பளம் எல்லாம் உள்ளவன் இலவசச் சோற்றுக்கு உட்கார்ந்திருக்கிறேனே என்று எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. அவன் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. கரண்டி நிறையச் சோறு வைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காதபடி குனிந்து கேட்டான்:

“வூட்ல அடுப்பு எரியிலியா, இல்ல ஆள் இல்லியாண்ணே?”

பச்சை உருண்டைகள்

கல்லை ஒரே நாளில் வெளியே தள்ளுவதாக ஒரு வைத்தியம் போனில் சுற்றிக்கொண்டிருந்தது. நாள் முழுக்க ஆப்பிள் சாறு, பிறகு ஒரு டம்ளர் ஆலிவ் எண்ணெயில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து ஒரே மூச்சில் குடிக்கவேண்டும். கல் போய்விட்டால் மறுபடி முந்திரிக் குழம்பு, மறுபடி சுற்று. அந்த ஆசையில் லீவு போட்டுவிட்டுக் குடித்தேன். சக பாவிகளே, யாரும் குடிக்காதீர்கள். ஒரு சொட்டு எண்ணெய்க்கே துள்ளுகிற பையில் ஒரு டம்ளரை ஊற்றினால் என்ன ஆகும்? தரையில் புரண்டேன். கூப்பிட ஆள் இல்லாததால் சத்தம்கூடப் போடவில்லை.

மறுநாள் வயிறு கழிந்தபோது பச்சை பச்சையாக உருண்டைகள் வந்தன. கல்தான் போயிற்று என்று குதித்தேன். போட்டோ எடுத்து, ‘கல் ரிலீஸ்’ என்று எழுதி, எங்கள் செக்‌ஷன் வாட்ஸாப் குரூப்பில் போட்டுவிட்டேன். அது கல் இல்லை, குடித்த எண்ணெய்தான் வயிற்றுக்குள் சோப்பு மாதிரித் திரண்டிருக்கிறது, கல் இருந்த இடத்திலேயே இருக்கிறது என்று டாக்டர் சொன்னது பிறகு. அதற்குமுன் கணேசனின் பதில் வந்தது. மணியைப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டு நேரம். ஷெட்டில் மூன்று பேரும் பேப்பர் விரித்து உட்கார்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிந்தது.

“ஏழுமலை, நாங்க சாப்பிட்டுக்கிட்டு இருக்கோம்.”

மரியதாஸ் வீட்டு மீன்

அதற்குப் பிறகு ஒழுங்காகத்தான் இருந்தேன். ஒரு நாள் மரியதாஸ் நெத்திலி வறுவல் கொண்டுவந்தான். தேங்காய் எண்ணெயில் மொறுமொறுவென்று வறுத்தது. டப்பா கணேசனிடமிருந்து செல்வராசுக்கு என் மூக்குக்கு முன்னால் போயிற்று. ஏதோ சொல்லி மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்கு என்ன தோன்றியதோ, கையை நீட்டி ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். யாரும் கவனிக்கவில்லை. இன்னொரு பிடி அள்ளினேன். அத்தனை நாளில் அன்றுதான் நான் சாப்பிட்டேன் என்று சொல்லவேண்டும்.

ரோலர் மாற்றப் போன இடத்தில் வலி பிடித்தது. நடைபாதைக் கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஜீப்பில் என்னைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் மரியதாஸ் திட்டிக்கொண்டே வந்தான். “உங்களுக்கு அறிவிருக்கா? செத்துக்கித்துப் போயிருந்தா? மீனை ஏன்ணே தொட்டீங்க?” எனக்கு வலியில் கட்டுப்பாடெல்லாம் போய்விட்டது. “என் டப்பாவுல யாரும் கை வெக்கறது இல்ல. உங்க டப்பாவும் என்கிட்ட நிக்கறது இல்ல. அப்புறம் நான் எதுக்குடா அங்க வந்து உக்காரணும்?” என்று கத்திவிட்டேன்.  கணேசன் வெளியே பார்த்தார். என் தலையை மடியில் வைத்திருந்த செல்வராசுதான் கடைசியில் வாயைத் திறந்தான்:

“எங்க சோறு உனக்கு ஆவாது. உன்னுதையும் நாங்க அள்ளிட்டா நீ பசியோட கெடப்பியேன்னுதாண்ணே வுட்டுக்கினு இருந்தோம்.”

உப்பு

டிரிப்ஸ் ஏற்றி வலியை அடக்கி, நன்றாக நாலு திட்டும் கொடுத்து, டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டார். மகன் வருவதாகச் சொல்லியிருக்கிறான். இந்த முறை நான் மறுத்துப் பேசவில்லை. இடையில் சில நாள் வேலைக்குப் போனேன். முதல் நாள் மதியம் பேப்பரில் உட்கார்ந்து, டப்பாவை நடுவில் வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன். எதற்கு அவர்களையும் சங்கடப்படுத்துவது என்று இருந்தது. ஜீப்பில் கத்தியதை நினைத்தால் வெட்கமாகவும் இருந்தது.

மரியதாஸ் என் மடியிலிருந்து டப்பாவைப் பிடுங்கினான். மூடியைத் திறந்து, கை நிறையப் புடலங்காயை அள்ளித் தன் சோற்றில் போட்டுப் பிசைந்து ஒரு கவளம் தின்றான். முகம் கோணியது. விழுங்கினான். டப்பா கணேசனிடம் போயிற்று, அவரிடமிருந்து செல்வராசுக்குப் போயிற்று. என்னிடம் வந்தபோது அடியில் கொஞ்சம் மஞ்சள் தண்ணீர்தான் இருந்தது. நான் வெறும் சோற்றில் மோரை ஊற்றிக்கொண்டு, வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்று குனிந்தே சாப்பிட்டேன். மரியதாஸுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. அவன் உண்மையாகவே கடுப்பில் இருந்தான்:

“டாக்டர் எண்ணெயைத்தானே வேணாம்னாரு, உப்பு உங்களை என்னண்ணே பண்ணுச்சு?”

ஆக, சக பாவிகளே, பித்தப்பைக் கல்லோடு நான் பட்ட பாட்டில் கற்றது இவ்வளவுதான்: ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள், அதுவரைக்கும் புடலங்காயை நாலு பேருக்குப் போதும்படி வேகவையுங்கள், இல்லையென்றால் என்னைப்போல மோர்ச்சோறுதான்.