ரசமட்டம் வைத்துப் பார்த்த பாத்தி

என் சகலை கொத்தனார். முப்பது வருஷம் சுவர் எழுப்பிய கை. முட்டி தேய்ந்துவிட்டது, இனிச் சாரம் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சும்மா உட்காரத் தெரியாத மனுஷன், கொல்லையில் பத்துக்கு ஆறடி இடத்தில் வெண்டை போட்டார். இரண்டு தடவை போட்டும் ஒன்றுகூட முளைக்கவில்லை.

"மூணாவது தடவையும் வரலைன்னா அங்க சிமெண்டைப் பூசி, துவைக்கிற கல்லைப் போட்டுடுங்க" என்று அவர் வீட்டம்மா கறாராகச் சொல்லிவிட்டார். என் மனைவியின் அக்காதான் அவர். சொன்னால் சொன்னதுதான். சகலைக்கு முகம் செத்துப்போய்விட்டது.

நான் லாரி ஓட்டுகிறவன். செடி கொடி எனக்கென்ன தெரியும்? ஆனாலும் போனேன்.

கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தார். மண்ணை ஒரு கல் இல்லாமல் சலித்து, எரு கலந்து, நனைத்து, திமிசுக்கட்டையால் இடித்து, மட்டப்பலகையால் தேய்த்திருந்தார். மேலே ரசமட்டத்தை வைத்துக் குமிழி நடுவில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஏறி நின்றேன். செருப்புத் தடம்கூட விழவில்லை.

"என்ன சகலை, தரையா போட்டிருக்க?"

"ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"விரலே இறங்கலையே, வேர் எப்படி இறங்கும்?"

"பொலபொலன்னு கிடந்தா எதைத் தாங்கும்? உள்வாங்கிடாதா?"

"வெண்டைச்செடிதான்யா நிக்கப்போகுது. ரெண்டு மாடியா?"

அடுப்படியிலிருந்து அக்கா குரல் வந்தது. "தலகாணியையே தட்டி மட்டம் பண்ணிட்டுத்தான் படுப்பாரு!"

சகலை சிரிக்கவில்லை. "இத்தனை வருஷம் காலுக்கடியில மண்ணு அசைஞ்சா பயம். இப்ப அசையலைன்னா தப்புங்கிற. எதைத்தான் நம்புறது?"

ஒரு சாண் ஆழத்துக்கு மண்வெட்டியால் கொத்திவிட்டேன். அவர் விதையைப் போட்டு மூடினார். மூடிய கையோடு ஓங்கி ஒரு தட்டு. அடுத்த விதை, அடுத்த தட்டு. கை கேட்கவில்லை. கடைசியில் அக்கா வந்து அவரைக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கச் சொன்னார். மிச்ச விதையை நானே போட்டேன்.

எட்டாம் நாள் காலையில் போன் வந்தது.

"சகலை, முளைச்சிருக்கு."

"அப்புறமென்ன, சிமெண்ட் மூட்டை மிச்சம்!"

"இல்லய்யா. நீ போட்ட பக்கமும் வந்திருக்கு, நான் தட்டின பக்கமும் நாலு வந்திருக்கு. அப்ப எது சரி?"

"ரெண்டும் முளைச்சுதில்ல, விடு."

"அதுலயும் ஒண்ணுகூட நூல் பிடிச்ச மாதிரி இல்ல. கோணலா நிக்குது. கொஞ்சம் நேராக்கட்டுமா?"

"கையை வெச்ச, அக்காகிட்ட சொல்லிடுவேன்" என்றேன்.

"சரி, கையை வைக்கல. நூல் மட்டும் பிடிச்சுப் பார்த்துக்கறேன்" என்றார்.