நான் சொல்லாமல் விட்ட வாக்கியம்

கனடாவிலிருந்து எங்கள் சபையார் பதினான்கு பேர், மடுல்கெல்லப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு வீடு கட்டிக் கொடுக்கப் போனோம். அந்தப் பதினான்கு பேரில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கண்டி டவுனில் பிறந்து, இனக்கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு நாட்டைவிட்டு வெளியேறியவள். மொழிபெயர்ப்பாளர் என்று கழுத்தில் ஓர் அட்டையை மாட்டிவிட்டார்கள். எனக்கு அதில் தலைக்கனம் இல்லாமல் இல்லை. கண்டியில் இருந்த காலம் முழுக்க, தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் ஒரு லயத்துக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

மழைக்கு மண் சரியலாம் என்று அதிகாரிகள் எச்சரித்திருந்த பழைய லயம் அது. ஒரு காம்பரா, முன்னால் ஓர் அடுப்படி, அவ்வளவுதான் ஒரு குடும்பத்துக்கு. தோட்டத்தை நிர்வகிக்கும் துரை சற்றுத் தள்ளி நிலம் ஒதுக்கினார். சீமெந்தும் ஆட்களும் எங்கள் பொறுப்பு. எங்களுக்குக் கிடைத்த குடும்பத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா, அவர் கணவர், இரண்டு மகன்மார். "வீட்ல எத்தனை பேரும்மா?" என்று படிவத்தோடு உட்கார்ந்து நான்தான் கேட்டேன். "நாலு பேருங்க" என்றார். நாலு பேர் என்றால் ஓர் அறையும் ஒரு கூடமும், அதற்கு மேல் போனால் இரண்டு அறை என்பது எங்கள் திட்டம். எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்த இளம்பெண்ணின் இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. பக்கத்துக் காம்பராக்காரி என்று நினைத்துக்கொண்டேன். யாரென்று கேட்கவில்லை, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தேன்.

அத்திவாரக் கல் வைத்த அன்று வாழைமரம் கட்டியிருந்தார்கள். அவர்கள் தேங்காய் உடைத்தார்கள், எங்கள் போதகர் ஜெபம் செய்தார், இரண்டு சாமியும் கோபித்துக்கொள்ளவில்லை. துரை ஆங்கிலத்தில் பேசினார். சாவி கொடுக்கிற அன்றைக்கே பழைய காம்பராவை இடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அபாயமான இடத்தில் வேறு யாராவது குடியேறிவிடுவார்கள் என்று அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் நல்ல காரியம் நடக்கிற இடம். மஞ்சளும் குங்குமமுமாகப் பெண்கள் சுற்றி நிற்கிறார்கள். அங்கே நின்று 'இடிக்கப் போகிறோம்' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த வாக்கியத்தை விழுங்கிவிட்டு, "துரைக்கு ரொம்பச் சந்தோஷமாம்" என்று முடித்தேன். ஆறுதலாகப் பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். இரண்டு வாரம் ஓடியது. அவர்களுக்கே தெரிந்திருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சாவி கொடுத்து, படம் எடுத்து, பால் பொங்கி முடிந்ததும் எங்கள் ஆட்கள் சுத்தியல்களோடு லயத்துக்கு ஓடினார்கள். இரண்டு வாரமாகக் கோணல் சுவர் கட்டி மேசன்மாரிடம் திட்டு வாங்கியவர்கள், உடைப்பதை மட்டும் பிழையில்லாமல் செய்தார்கள். கூரைத் தகரம் இறங்கிவிட்டது. பக்கச் சுவரும் பாதி விழுந்துவிட்டது. அப்போதுதான் பீலியடியிலிருந்து தண்ணீர்க் குடத்தோடு, எனக்குத் தேத்தண்ணி தந்த அந்த இளம்பெண் வந்தாள். குடத்தை இறக்காமலே நின்று பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, உள்ள என் சாமான் இருக்கு" என்றாள்.

அவள் அந்த வீட்டு மகள்.

"வாழாம வந்து நிக்கிற புள்ளைங்க" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாவலப்பிட்டிப் பக்கம் கட்டிக் குடுத்தோம். அவன் விட்டுட்டுப் போயிட்டான். நல்ல காரியத்துக்குப் பேர் எழுதறப்ப அவளை எப்படிங்க சொல்றது? நாங்க அங்க போனா அவ புள்ளையோட இங்கனயே இருந்துக்குவான்னு நெனச்சோம்."

வெள்ளைக்காரர்களுக்கு இது புரியாமல் போனதில் ஆச்சரியமில்லை. எனக்குப் புரிந்திருக்க வேண்டும். மங்கலமான இடத்தில் அவர் மகளைச் சொல்லவில்லை, நான் இடிப்பதைச் சொல்லவில்லை. இருவருக்கும் நடுவில் அவள் குடத்தோடு நின்றாள். போதகரிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சுத்தியலைக் கீழே போட்டார். வேலையை மேற்பார்க்க வந்திருந்த தோட்டத்துக் கணக்கப்பிள்ளையோ, மேலிடத்து உத்தரவு, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். ஜெபிப்போம் என்றார் போதகர். அவர் மேல் எனக்கு வந்த கோபத்தை, நியாயமாக என் மேல்தான் காட்டியிருக்க வேண்டும்.

புது வீட்டில் அவளுக்கு இடமில்லை. பெரிய மகனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அந்த வீட்டை நம்பித்தான் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்தார்கள். அறை புதுத் தம்பதிக்கு, கூடம் மற்ற மூவருக்கு.

மறுநாள் காலையில் நாங்கள் புறப்பட்டபோது, ஒரு பையும் குழந்தையுமாக அவள் எங்கள் வேனில் ஏறிக்கொண்டாள். "கல்யாணம் முடியிற வரைக்கும் எங்கயாச்சும் இருந்துட்டு வான்னு அம்மா சொல்லிச்சுக்கா" என்றாள். அவள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தாங்கியிருக்கும். பின் சீட்டில் எங்கள் ஆட்கள் கிற்றார் வாசித்துப் பாடினார்கள். குழந்தைக்கு மாறி மாறி டொபி கொடுத்தார்கள். வத்தேகமவைத் தாண்டும்போது அது என் மடியில் தூங்கிப்போனது.

கண்டி பஸ் ஸ்டாண்டில் வேனை நிறுத்தச் சொன்னேன். அவளோடு நானும் இறங்கினேன். பர்சில் இருந்ததையெல்லாம் எடுத்து அவள் கையில் திணித்தேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை.

"நீங்க இந்த ஊர்தானேக்கா" என்றாள். "வீட்டு வேலைக்குத்தான் கேக்குறேன். புள்ளையோட சேத்துக்கிற மாதிரி, தெரிஞ்ச வீடு ஏதாச்சும் இருந்தா சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தேன். நாங்கள் இருந்த தெருவில் இப்போது யார் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. வீடு கட்டிக் கொடுக்க அவ்வளவு தூரம் பறந்து வந்தவள், பிறந்த ஊரில் நின்றுகொண்டு அவளுக்குச் சொல்ல ஒரு வீடு இல்லாமல் விழித்தேன். அவள் அவசரப்படுத்தாமல், குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். விமானத்துக்கு நேரமாகிறது என்று வேனிலிருந்து கூப்பிட்டார்கள். நான் போய் ஏறிக்கொண்டேன்.