எட்டாம் நாள் முத்து

பெனாங்குக்கு எப்படிப் போனீர்கள் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். டிக்கெட் வாங்கிப் போனேன் என்று சொல்லிவிடலாம். ஆனால் நான் போன மாதிரி ஒருவனும் போயிருக்க மாட்டான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தியாகராய நகரில் என் வீட்டு மாடியைப் பார்த்து ஆச்சரியப்படுகிறவர்கள், என் இடது கைத் தழும்பையும் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

முப்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபது வயது இருக்கும். நொச்சிக்குப்பத்தில் தாய்மாமன் குடிசையில் இருந்தேன். அப்பனும் ஆத்தாளும் போன பிறகு எனக்குக் கஞ்சி ஊற்றியவர் அவர்தான். நான் கட்டுமரம் ஏறாமல் ராயப்பேட்டையில் ஒரு முஸ்லிம் பாயின் கடையில் மூட்டை தூக்கினேன். இரண்டு ஆள் தூக்குகிற மூட்டையை ஒற்றை ஆளாகத் தூக்குவேன். பெனாங்கில் இருந்த தம் கடைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று பாய் நினைத்தபோது, கடையில் ஆறு பேர் நின்றோம். அவர் கை நீட்டியது என்னை நோக்கித்தான்.

புறப்படுவதற்கு முன் என்னை உட்கார வைத்துச் சொன்னார்: “கடல் பயணம் வெளையாட்டு இல்ல நைனா. காய்ச்சாத தண்ணி குடிக்காத. முன்னபின்ன தெரியாதவன் குடுத்தா துன்னாத. மொதல்ல போய் அம்மை குத்திக்கோ. கப்பல் ஏறுற எடத்துல தொர டாக்டர் கையப் பாப்பாரு. கொப்புளம் முழுசா எழும்பி இருந்தாத்தான் உடுவாரு. தேச்சி ஒடச்சிக்கினு வந்தே, வூட்டுக்குத்தான் போவணும்.”

குத்திக்கொண்டேன். நாலாம் நாள் கை கனத்தது, காய்ச்சல் அடித்தது. எட்டாம் நாள், கப்பல் புறப்படுகிற அன்றைக்கு, முழங்கைக்கு மேலே கொப்புளம் பளபளவென்று நின்றது. சாயங்காலம் நாலு மணிக்குக் கப்பல். காலையில் சட்டையைக் கழற்றிக் குளிக்கப் போனேன். அங்கேதான் தப்பு செய்தேன். அத்தை பார்த்துவிட்டாள்.

“ஐயோ, அம்மா முத்து போட்ருக்காளே!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். “எத்தினி நாளாடா கீது? சொல்லாம திரிஞ்சிக்கினு இருந்தியா, பாவி?”

“முத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல அத்த. ஊசி போட்ட கொப்புளம்.”

அவள் காதில் விழவே இல்லை. அடுப்பில் கொதித்த மீன் குழம்பைத் தூக்கி வெளியே கொட்டினாள். வாசலில் வேப்பிலை கட்டினாள். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். உடம்பில் முத்து வந்தால் அது நோய் இல்லை, மாரியம்மாவே வந்து இறங்கியிருக்கிறாள். தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி அவளை அனுப்பும்வரை ஆள் படியைத் தாண்டக் கூடாது.

பகல் பன்னிரண்டுக்கு மாமா கடலிலிருந்து வந்தார், கூடவே அவர் மகனும். முந்திய வருஷம்தான் ஒரே வாரத்தில் மாமாவின் இரண்டு பெண் பிள்ளைகளை அம்மை கொண்டுபோயிருந்தது. அவர் வேப்பிலையைப் பார்த்தார், நான் கட்டி வைத்திருந்த தகரப் பெட்டியைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

“அம்மாவ ஒடம்புல வச்சிக்கினு கடல் தாண்டுவியாடா? நாங்க பொழைக்கிற கடல்டா அது! ரெண்டு உசுர வாங்கினது போதலியா அவளுக்கு? மிச்சத்தையும் குடுக்கணுமா?”

“மாமா, இது பாய் போடச் சொன்ன ஊசி. நாலு மணிக்குக் கப்பல்.”

“கப்பலாம் கப்பலு! புட்றா அவன!” என்றார் மகனிடம். “அடியே, வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சி எடுத்தா. பூசிக் கட்டிப் போடலாம்.”

அதைப் பூசித் தேய்த்தால் கொப்புளம் உடையும். உடைந்தால் பெனாங்கு இல்லை. நான் செத்தாலும் அந்தக் கையைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

மச்சான் பின்னாலிருந்து இடுப்பைக் கட்டினான். மண்டையைப் பின்னால் வீசி அவன் மூக்கில் இடித்தேன். மட்டையை முறிக்கிற மாதிரி சத்தம் கேட்டது, என் பிடரி முழுக்க அவன் ரத்தம். ஆனாலும் விடவில்லை, தோளில் பல்லை இறக்கினான். மாமா குத்துவிட்டார். வலை இழுத்து இழுத்துக் கல்லாகிப் போன கை அது. வலது கண்ணில் விழுந்தது. ஒரு நிமிஷம் உலகமே சிவப்பாக ஆடியது. இடது கையை மட்டும் மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டு, வலது கையால் மச்சானின் குரல்வளையைப் பிடித்துக் கீழே தள்ளி வயிற்றில் மிதித்தேன். அத்தை அரைத்த மஞ்சளோடு ஓடி வந்தாள். அதைத் தட்டிவிட்டு, மறுபடி அரைக்க முடியாதபடி அம்மியை எட்டி உதைத்தேன், குழவி உருண்டு வாசலுக்குப் போனது.

“பேமானி! சோறு போட்ட கைய எதுத்து நிக்கிறியா?” என்று மாமா துடுப்பை எடுத்தார்.

முதல் அடியை முதுகில் வாங்கினேன். இரண்டாவது அடிக்கு அவர் ஓங்கும்போது துடுப்பைப் பிடுங்கித் திருப்பி அடித்தேன். அவர் வலது கையில் விழுந்தது. எலும்பு போன சத்தம் எனக்கே கேட்டது. மணலில் உட்கார்ந்துவிட்டார். தொங்கிய கையைப் பார்த்துக்கொண்டே, “போய்த் தொலைடா,” என்றார்.

பெட்டியை வலது தோளில் வைத்துக்கொண்டு கடற்கரையோடு ஓடினேன். இரண்டு பேரை அடித்துப் போட்டு, பெட்டியையும் தூக்கிக்கொண்டு, துறைமுகம்வரை நிற்காமல் ஓடினேன். அந்த வயதில் வேறு எவனால் முடியும்? டிக்கெட்டோடு காத்திருந்த பாய் என்னைக் கண்டு, “யா அல்லா!” என்றார். “கை? கை எப்டி கீது?” சட்டைக் கையை உயர்த்திக் காட்டினேன். ஒரு கீறல் இல்லை.

துரை டாக்டரும் கையைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு முகத்தைப் பார்த்தார். இங்கிலீஷில் ஏதோ சொல்லி ஒதுங்கி நிற்கச் சைகை காட்டினார். பக்கத்தில் இருந்த கம்பவுண்டர் தமிழில் சொன்னான்: “கண்ணு வீங்கி மூடிக் கெடக்கு. கண்ணு வியாதிக்காரன ஏத்த மாட்டாங்க. தள்ளு, தள்ளு.”

“வியாதி இல்ல சார். எங்க மாமன் குத்து.”

“அதெல்லாம் தொரைக்கு இன்னா தெரியும்?”

பின்னால் வரிசை என்னை நெட்டியது. நான் நகரவில்லை. இரண்டு விரலை விட்டு அந்த இமையை நானே பிளந்து திறந்தேன். கண்ணீரும் ரத்தமும் கன்னத்தில் வழிந்தன. வலியில் பெட்டிமேல் சாய்ந்தேனே தவிர விரலை எடுக்கவில்லை. “பாக்கச் சொல்லு சார். உள்ள நல்லாத்தான் கீது. பாக்கச் சொல்லு!”

துரை குனிந்து நெடுநேரம் பார்த்தார். என்னவோ கேட்டார்.

“ஒன்ன அடிச்சவன் எப்டி இருக்கான்னு கேக்குறாரு,” என்றான் கம்பவுண்டர்.

“கை ஒடஞ்சி கீது.”

துரை சிரித்துக்கொண்டே முத்திரை குத்தினார். நான் சிரிக்கவில்லை.

கப்பல் ஏறிய ஐந்தாம் நாள், தளத்தில் படுத்திருந்தபோது கொப்புளத்தின் பொருக்கு உதிர்ந்து என் உள்ளங்கையில் விழுந்தது. சுற்றிலும் கடல், மாமா பிழைக்கிற அதே கடல். கையை வீசினால் போய்விடும். வீசவில்லை, ஒரு துணியில் முடிந்து வைத்தேன். பெனாங்கில் இறங்கியதும், பாய் கடைக்குப் போவதற்கு முன்பே, ஒரு மரத்தடியில் ஆழமாகத் தோண்டிப் புதைத்தேன். மாமா கை ஆறும்வரை மச்சான் தனியாகத்தான் கடலுக்குப் போயாக வேண்டும்.