வந்திருக்க வேண்டிய தேதி

வண்டிகளுக்கு சீட் தைப்பவர் அவர். எங்கள் தெருவில் எல்லோருக்கும் சீட்காரர். கோபம் மூக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கும். தையல் பிரிந்துவிட்டதென்று சண்டைக்கு வந்த ஒருவரை ஸ்பேனரால் மண்டையில் போட்டுவிட்டார். ஓராண்டுத் தண்டனை. அதைப் பற்றி அவர் யாரிடமும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. அடித்தது அடித்ததுதான்.

குறை வேறு. தீர்ப்புக்கு முன்பே எழுபத்து மூன்று நாள் உள்ளே இருந்தவர் அவர். அந்த நாட்களைத் தண்டனையில் கழிக்கவேண்டும் என்று நீதிமன்றமே எழுதியிருந்தது. அந்தத் தாள் மட்டும் சிறை அலுவலகத்துக்குப் போய்ச் சேரவில்லை. விடுதலை நாளன்று துணியை மடித்துவைத்துக் காத்திருந்தவரிடம் வார்டர், "உன் பேரு லிஸ்ட்ல இல்லையேப்பா" என்றார்.

"நான் முன்னாடி இருந்த நாளக் கழிக்கலையா சார்?"

"கழிக்கச் சொல்லி பேப்பர் வரணும். வந்தா உன்னப் பிடிச்சு வெச்சுக்கிட்டு எனக்கென்ன லாபம்?"

மூன்று மனு எழுதினார். மூன்றையும் ஆறப்போட்டார்கள். முதல் வாரம் தொண்டை கிழியக் கத்தினார். பிறகு கத்தத் தோன்றவில்லை. சாப்பாடு வந்தது, சாப்பிட்டார். விளக்கை அணைத்தார்கள், படுத்தார். அந்த எழுபத்து மூன்று நாளையும் கூடுதலாக இருந்துவிட்டுத்தான் வெளியே வந்தார்.

தாயில்லாத அவருடைய மகள், அப்பா வந்துவிடுவார் என்று நம்பித்தான் கல்யாணத்துக்கு நாள் குறித்திருந்தாள். அப்பா இல்லாமலே அது நடந்தது. கை நீட்டிப் பழகிய மனுஷன் உள்ளே மட்டும் சும்மாவா இருந்திருப்பார், அதனால்தான் தண்டனையைக் கூட்டிவிட்டார்கள் என்று சம்பந்தி வீட்டில் பேசினார்கள். மகளும் அதை நம்பினாள். வெளியே வந்து அவர் எவ்வளவோ சொன்னார். "சரி விடுங்கப்பா" என்று தட்டைக் கழுவப் போய்விட்டாள். அதுதான் அவருக்குத் தைத்தது.

வக்கீலம்மாவிடம் போனார். "நஷ்டஈடெல்லாம் கிடக்கட்டும்மா. நான் தப்பு பண்ணி உள்ள இருக்கலன்னு ஒரு வரி எழுதி வாங்கிக் குடுங்க."

பழைய தாளைத் தேடி எடுக்கவே பத்து மாதம் இழுத்தடித்தார்கள். பதினோராவது மாதம் வக்கீலம்மா வழக்குப் போட்டார். இப்படி வழக்குப் போடக் கெடு ஓராண்டு, இன்னும் ஒரு மாதம் கையில் இருக்கிறதென்று இருவரும் நிம்மதியாக இருந்தார்கள். வழக்கு தள்ளுபடியானது.

"நாம நீங்க வெளிய வந்த நாள்ல இருந்து எண்ணிட்டோம்" என்றார் வக்கீலம்மா, அவர் முகத்தைப் பார்க்காமல். "வந்திருக்க வேண்டிய நாள்ல இருந்து எண்ணணுமாம்."

"அன்னைக்கு நான் உள்ளல்ல இருந்தேன்?"

"உள்ள இருந்தே போட்டிருக்கலாமாம்."

அவருடைய தேதியைக் கண்டுபிடிக்க எழுபத்து மூன்று நாள் தலையைச் சொறிந்த சர்க்கார், வழக்கைத் தள்ளும்போது மட்டும் அதை நாள் பிசகாமல் சொல்லிவிட்டது. எனக்கு இதைக் கேட்டபோது வயிறு எரிந்தது. சீட்காரருக்கு ஒன்றும் எரியவில்லை. மூக்கின் மேல் இருந்த கோபம் எங்கே இறங்கிப் போனதென்று அவருக்கே தெரியவில்லை. தள்ளுபடி உத்தரவின் நகல் ஒன்று மட்டும் கேட்டார்.

"அப்பீல் போறீங்களா?"

"இல்லம்மா. பொண்ணு படிக்கணும்."

மகள் நின்றபடியே படிக்க ஆரம்பித்து, பாதியில் உட்கார்ந்தாள். இன்ன தேதியிலேயே இவரை விடுவித்திருக்க வேண்டும், அதன்பிறகு இவரை வைத்திருக்க எந்த ஆணையும் இல்லை என்று முதல் பக்கத்திலேயே இருந்தது. அவளுடைய கல்யாணத்துக்கு இருபது நாள் முந்தைய தேதி.

"அப்பா" என்றாள். வெகுநேரம் அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அழுகை வரவில்லை, சந்தோஷமும் வரவில்லை.

"இவங்களே தப்புன்னு எழுதியிருக்காங்களேப்பா. இத வெச்சு யாருகிட்டயாவது போய்க் கேக்கலாம்ல?"

"கேக்க முடியாதும்மா" என்றார் சீட்காரர். "அதையும் அவங்களே எழுதியிருக்காங்க. அடுத்த பக்கத்துல இருக்கு, திருப்பு."